ஒரு வாளித் தண்ணீர்!

உப்பூர் பிள்ளையாருக்கு வெயில் என்றால் கொள்ளைப் பிரியம். பெயரே வெயிலுகந்த விநாயகர். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறார். தலைக்கு மேல் கூரை வேண்டாம், வெயில் நேராக என் மேல் படட்டும் என்று சொல்லிவிட்டவர் என்பார்கள். சூரியன் வந்து வணங்கிய தலம், ராமர் சேதுவுக்குப் போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போன இடம் என்றெல்லாம் தலபுராணம் சொல்கிறது. இன்றைக்கும் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற வண்டிகள் இங்கே ஒரு நிமிஷம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகின்றன.

பிள்ளையாருக்குப் பிடித்த அந்த வெயில், வந்து நிற்கிற கார்களுக்குப் பிடிப்பதில்லை. சித்திரை, வைகாசியில் இந்தச் சாலையில் போனால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வண்டி ஒன்றாவது கண்ணில் படும். உள்ளேயிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பும். டிரைவர் பக்கத்து டீக்கடைக்கு ஓடுவார்.

‘‘அண்ணே, ஒரு வாளித் தண்ணி கெடைக்குமாண்ணே?’’

கிடைக்கும். கேட்டவனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. ஆனால் ஊர் பெயரைக் கவனித்தீர்களா? உப்பு ஊர்! அந்தக் கடற்கரையில் நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர்க் குடத்துக்காக நடையாய் நடக்கிற மாவட்டம். அப்படியிருக்க, காருக்கென்று நல்ல தண்ணீரை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? நியாயமும் இல்லை. கைக்குக் கிடைத்ததுதான் காருக்கும்.

அந்த ஒரு வாளித் தண்ணீருக்குப் பின்னால் 130 வருஷத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தச் சரித்திரம் நாலு காசு மிச்சம் பிடித்துத் தரும் என்பதால்தான் இந்த வாரம் அதைக் கையில் எடுத்தேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காருக்கு 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். அதில் ஏறக்குறைய 30 ரூபாய்தான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு 30 சொச்சம் புகையோடு புகையாக சைலன்சர் வழியே போய்விடுகிறது. மிச்சம்? இன்ஜினின் உடம்புச் சூடு! அந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியே தள்ளவில்லையென்றால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு, சில நிமிடங்களில் இன்ஜின் இரும்புக்கடைச் சரக்கு. ஆக, கார் என்பது பாதி வண்டி, பாதி வெந்நீர் அடுப்பு.

முதல் காரைச் செய்த ஜெர்மானியர் கார்ல் பென்ஸுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1886-ல் அவர் பேட்டண்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். கொதிக்கும். ஆவியாகப் போகும். போனால் மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு காரியம் செய்தார். கணவர் தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலையில், அவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு வண்டியைக் கிளப்பிவிட்டார். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். எரிபொருளை வழியில் மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் சொல்லாதது, வழிநெடுக அவர் தண்ணீர் தேடியதுதான். கிணறு, ஓடை, சத்திரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார். உப்பூர் சாலையில் வாளியோடு ஓடுகிற டிரைவருக்கு மூத்த அக்கா அந்த அம்மாள்!

இந்த அவஸ்தைக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, அநாதை விடுதியில் வளர்ந்த மேதை. டைம்லர் கம்பெனியின் மூளை. நீஸ் நகரத்தில் இருந்த பணக்கார வியாபாரி எமில் யெல்லினெக், ‘எனக்கு வேகமான கார் வேண்டும், அதற்கு என் மகள் பெயர் வைக்க வேண்டும்’ என்று கேட்டார். மகள் பெயர் மெர்சிடிஸ். 1900 டிசம்பரில் தயாரான அந்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸின் முகத்தில் மேபாக் ஒரு தேன்கூட்டை மாட்டியிருந்தார். நிஜத் தேன்கூடு அல்ல. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 குட்டிக் குழாய்கள். குழாய்களுக்குள் காற்று போகும், இடுக்குகளில் தண்ணீர் போகும், பின்னால் ஒரு ஃபேன். அத்தனை பெரிய இன்ஜினைக் குளிர வைக்க 9 லிட்டர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். ஆவியாகாது, அடிக்கடி ஊற்ற வேண்டாம். இன்றைக்கும் நம் காரின் முன்னால் இருப்பது அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

இதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீரே வேண்டாம், காற்றே போதும் என்று ஒரு கட்சி இருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அந்தக் கட்சி. தெருவில் நிறுத்துகிற ஏழை ஜெர்மானியனின் காரில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து இன்ஜினை வெடிக்க வைத்துவிடுமே என்று ஃபெர்டினாண்ட் போர்ஷே பயந்தார். நம்ம ஊர் புல்லட்டில் சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக அடுக்கியிருக்கிறதே, அதுவும் காற்றுக் கட்சியின் சின்னம்தான்.

ஹென்றி ஃபோர்டு சிக்கனக்காரர். 1908-ல் வந்த மாடல் டி-யின் முதல் 2,500 கார்களுக்கு மட்டும் தண்ணீரைத் தள்ள பம்ப் வைத்தார். அப்புறம் அதையும் எடுத்துவிட்டார். சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், குளிர்ந்தது தானே கீழே இறங்கும், பம்ப் எதற்கு? உலைப்பானையில் அரிசி மேலும் கீழும் போய் வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். இன்ஜின்கள் பெரிதாகப் பெரிதாக இந்தத் தத்துவம் தாக்குப் பிடிக்கவில்லை. பம்ப் திரும்பி வந்தது. நம்மூர் மெக்கானிக்குகள் ‘வாட்டர் பாடி’ என்கிறார்களே, அதுதான் இது.

அடுத்த பிரச்னை நேர் எதிர். இன்ஜின் ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் ஆகாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். அதனால் தண்ணீர் போகிற வழியில் ஒரு வாயிற்காப்போனை நிறுத்தினார்கள். தெர்மோஸ்டாட். சூடு 80, 90 டிகிரி வரும் வரை ரேடியேட்டருக்குப் போகிற கதவைத் திறக்க மாட்டார். இன்றைக்கு எல்லாக் கார்களிலும் இருக்கிற மெழுகு தெர்மோஸ்டாட்டை 1930-களில் உருவாக்கியவர் செர்ஜியஸ் வெர்னெட். உள்ளே ஒரு துளி மெழுகு. உருகினால் விரியும், விரிந்தால் கதவு திறக்கும். கரன்ட் கிடையாது, ஒயர் கிடையாது.

பிறகு வந்தது மூடி. ரேடியேட்டர் மூடி என்றால் வாயை அடைக்கிற தகரம் என்று நினைக்கிறோம். அது பிரஷர் குக்கரின் வெயிட்! உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120-க்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரிதான் சென்னை டிராஃபிக்கில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கிற காரின் மானத்தைக் காப்பாற்றுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 20 டிகிரி காலி.

இந்த மூடி விஷயத்தில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1992-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இங்கிலாந்தில் ரேடியேட்டர் மூடி செய்துகொண்டிருந்த தன் பிரிவைக் கைகழுவ நினைத்தது. டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், சுரேஷ் கிருஷ்ணா தலைமையில், அந்த இயந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றியது. நரசிம்ம ராவ் அரசு கதவைத் திறந்துவிட்ட மறுவருஷம் அது. வெளிநாட்டுக்காரன் வந்து நம்மை விழுங்கிவிடுவான் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த நேரத்தில், டெட்ராய்ட் கார்களுக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து மூடி போனது. 1996-லிருந்து தொடர்ந்து 5 வருஷம் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருது. ஒரு மூடிக்கு இத்தனை மரியாதையா என்றால், ஆமாம். அது ஒழுங்காக இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற லட்ச ரூபாய் இன்ஜின் ஒழுங்காக இருக்காது.

சரி, உப்பூருக்கு வருவோம்.

1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்து வைக்கும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயில்தான். காரை ஓட்டிக்கொண்டு தீவுக்குள் போக முடியாது. பாலம் வந்த பிறகுதான் மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரிலேயே போய் இறங்கினார்கள். அந்தக் காலத்து டாக்ஸி என்றால் அம்பாசடர்.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் முரட்டுப் பிராணி. பிளாக் இரும்பு, மேலே இருக்கிற ஹெட்டும் இரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். கொதித்தால் நிறுத்தி, ஆறவிட்டு, எந்தத் தண்ணீர் கிடைக்கிறதோ அதை ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். ஒழுகினால் தெருமுனை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். அடைத்துக்கொண்டால் மேல்தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி எடுத்துத் திரும்ப மாட்டுவார்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் கேன், காலையில் வண்டி எடுக்கும்போது மூடியைத் திறந்து ஒரு பார்வை. ஒரு தலைமுறை டிரைவர்களுக்கு இது சந்தியாவந்தனம் மாதிரி. 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. சந்தியாவந்தனம் நிற்கவில்லை. அங்கேதான் வில்லங்கம்.

1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் சாவி கொடுக்கப்பட்ட மாருதி 800 வேறு ஜாதி. ஹெட் அலுமினியம். ஃபேன் பெல்ட்டில் ஓடாது, சூடு ஏறினால் கரன்ட்டில் தானே சுற்றும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ரேடியேட்டரிலிருந்து பொங்கி வழிவதை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறியதும் திருப்பிக் கொடுத்துவிடும். பின்னாடி வந்த கார்களில் ரேடியேட்டரே அலுமினியம், அதன் இரண்டு பக்கத் தொட்டிகளும் பிளாஸ்டிக். உள்ளே வெறும் தண்ணீர் இல்லை, பச்சையிலோ சிவப்பிலோ கூலன்ட். எத்திலின் கிளைக்காலும் நல்ல தண்ணீரும் கலந்த சமாசாரம்.

‘‘கூலன்ட்டெல்லாம் காஷ்மீர்ல தண்ணி உறையாம இருக்கறதுக்கு சார். ராம்நாட்ல எதுக்கு?’’ என்று கேட்காத டிரைவர் அபூர்வம். உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். நமக்கு முக்கியமானது இன்னொன்று. அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து. அலுமினியத்துக்கு உப்பு ஜென்ம விரோதி. உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். மருந்து இருக்கும் வரை தடுக்கும். மருந்துக்கும் ஆயுசு சில வருஷம்தான்.

இப்போது அந்த வாளித் தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்கேயோ ஒரு ஓஸ் கசிகிறது, அல்லது மூடி தளர்ந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பும் சுண்ணாம்பும் போகாது, உள்ளேயே தங்கும். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுபடி ஆவி மட்டும் போகிறது, உப்பு ஏறுகிறது. இதே மாவட்டத்தில் வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்கிறார்களே, அதே தொழில்! காரின் வயிற்றுக்குள் ஒரு உப்பளம். ஒருநாள் ஆபத்துக்கு ஊற்றினால் குற்றமில்லை. வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு, நன்றாக அலசி, கூலன்ட் ஊற்றினால் சரியாகிவிடும். யாரும் வடிப்பதில்லை. வண்டிதான் ஓடுகிறதே!

ஓடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்த மாதிரி உள்ளே படிந்துகொண்டே ஓடும். ஒரு மே மாதத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போகும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட் என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட்டின் கதி? ஹெட் லேசாகக் கோணுகிறது, கேஸ்கட் போகிறது. அந்தக் கட்டத்தில்தான் பல கார்கள் ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்று விற்பனைக்கு வருகின்றன.

பி.காம். படித்தவர்களுக்கு ‘விண்டோ டிரஸ்ஸிங்’ என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். நஷ்டத்தில் இருக்கிற கம்பெனி, வருஷக் கடைசியில் கணக்கை அலங்காரம் பண்ணிக் காட்டுவது. பழைய கார் வியாபாரத்தில் அதற்கு நாலைந்து வழி உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது ஒன்று. முள் ஏறவே ஏறாது. ஃபேனுக்கு நேரடியாக ஒயர் கொடுத்து, சாவி போட்டதும் சுற்ற வைத்துவிடுவது இன்னொன்று. ரேடியேட்டரில் புதுக் கூலன்ட் ஊற்றிப் பளபளவென்று காட்டுவது மூன்றாவது. நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பதும் உண்டு.

அதனால் வண்டி பார்க்கப் போவதென்றால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். ‘நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் மட்டும்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும், குக்கர் என்று சொன்னேனே. உள்ளே இருப்பது பழுப்பாக, செங்கல் கரைத்த மாதிரி இருந்தால் பல வருஷமாகத் தண்ணீரில் ஓடிய வண்டி. திரவம் புதுசாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். ஓஸ் மாட்டியிருக்கும் வாய்களிலும் ரேடியேட்டர் ஓரங்களிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்பு. அதை யாரும் துடைக்க மெனக்கெடுவதில்லை. அடுத்து, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சகஜம். நிற்காமல் குபுகுபுவென்று வந்துகொண்டே இருந்தால், எரிகிற வாயு கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது. குமிழி வரவில்லை என்றால் மூடியைப் போட்டுவிட்டு, மேல் ஓஸைப் பிடித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாவதற்கு முன்பே அது கல்லு மாதிரி விறைத்துக்கொண்டாலும் அதே வியாதிதான். சந்தேகம் தீர நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஒரு நீலத் திரவம் வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்பட்சத்தில் மஞ்சளாகிவிடும். செலவு கொஞ்சம்தான்.

அப்புறம் ஏ.சி.யைப் போட்டு 20 நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். மேல் ஓஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். அதுதான் வாயிற்காப்போன் கதவைத் திறந்த நேரம். ஆரம்பத்திலிருந்தே மெள்ள மெள்ளச் சூடானால் வாயிற்காப்போன் வேலையில் இல்லை. பிறகு ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கவனியுங்கள். ஃபேன் தானாக நின்று, சூடு ஏறினால் தானாகச் சுற்ற வேண்டும். கடைசியாக ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். டிராஃபிக்கில் ஏறுகிற முள் ஓட ஓட இறங்கினால் கோளாறு பெரும்பாலும் ஃபேனில். 80-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது வாட்டர் பாடி. ஃபேன், மூடி, ஓஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் சில்லறைச் செலவு. விலையில் கழித்துக்கொண்டு வண்டியை வாங்கலாம். குமிழியும் காபியும் தெரிந்தால் ‘வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேண்ணே’ என்று கிளம்பி விடுங்கள்.

வாங்கிவிட்டால் முதல் வாரத்திலேயே பழசை வடித்து அலசி, கார் கம்பெனி சொல்கிற கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் அதே அளவில் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். அதே கலவையில் ஒரு பாட்டில் டிக்கியில் கிடக்கட்டும். மெக்கானிக் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து, ‘‘இது இல்லாமலே நல்லாத்தானே சார் ஓடிக்கிட்டிருந்துச்சு’’ என்பார். புதுசு வாங்கிவந்து கையில் கொடுத்து, மாட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள்.